பன்னிரண்டு சைபர்

நேற்றுச் சாயங்காலம் மந்தைவெளியில் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினேன். வாங்கி நாலடி நடந்ததும் விரலில் ஏதோ உறுத்தியது. பொட்டலத்தின் காகிதம் வழக்கமான செய்தித்தாள் இல்லை. தடித்த, பழுப்பேறிய தாள். அதன் முதுகெல்லாம் புள்ளிகள். யாரோ பிரெயில் புத்தகத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்கள், அது கைமாறி வந்து கடலைக்காரரிடம் கூம்பாகச் சுருண்டிருக்கிறது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டிவிட்டுப் போனார்.

கடலையைக் கைப்பைக்குள் கொட்டிவிட்டுத் தாளை விரித்தேன். நீ எனக்குச் சொல்லித் தந்த பிரெயிலில் எழுத்துகள் மறந்துவிட்டன, எண்கள் மறக்கவில்லை. முதலில் எண் குறி, கண்ணாடியில் பார்த்த 'ட' மாதிரி. அடுத்து ஒற்றைப் புள்ளி, அது ஒன்று. அதன் பிறகு மூன்று மூன்று புள்ளிகளாகச் சைபர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணினேன். ஏழு வரை வந்தது. எட்டாவது இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அது ஒரு கோடியா, அதற்கும் மேலா, இனித் தெரியப்போவதில்லை.

நீ இருந்திருந்தால் உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருப்பேன். "இன்னாடி, படிக்கிற புக்க கடலைக்குக் குட்த்துட்டானுங்களா" என்று சிரித்துவிட்டு, பாதிக் கடலையை நீயே தின்றிருப்பாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

நாம் சந்தித்தபோது இருவருக்கும் இருபது வயது. லஸ் பக்கத்தில் ஒரு மாடியில், பார்வையில்லாதவர்களுக்குப் பாடம் படித்துக் காட்டும் அறை ஒன்று இருந்தது. நான் அங்கே வந்தது சேவை மனப்பான்மையால் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். லீவு நாளில் வீட்டில் இருந்தால் அம்மா முறுக்கு பிழிய உட்கார்த்திவிடுவாள், அதுதான் உண்மையான காரணம். உன்னிடம் மட்டும் அதைச் சொன்னேன். "அப்ப எனக்கு நீ முறுக்குக்குப் பதிலா வந்தவ" என்றாய். முதல் நாளே ஆரம்பித்தாயிற்று கேலி. நான் "படிச்சுண்டிருக்கேன்" என்றால் நீ அதே ராகத்தில் "நான் கேட்டுக்கினுகீறேன்" என்பாய்.

பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த வீடு உன்னுடையது. "கடலு எங்கள பாக்குது. அம்மா கடல பாக்குது. நான் மட்டும்தான் யாரையும் பாக்கறதில்ல" என்று சாதாரணமாகச் சொல்வாய், யாராவது உச்சுக்கொட்டினால் மட்டும் கோபம் வரும். உன் அம்மா மந்தைவெளியில் தெருமுனையில் மீன் விற்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் அவர் கையில் சோப்பு வாசனை, மற்ற ஆறு நாளும் வஞ்சிரம்.

உனக்குக் கணக்குப் பைத்தியம். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் கணக்கிலிருந்து விலக்கு கிடைக்கும், வீட்டில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். பலரும் வாங்கிக்கொண்டார்கள். நீ உன் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடவில்லை. "எல்லாரும் சொல்றாங்களேம்மா" என்று அவர் கேட்டதற்கு, "மீனு எண்ணி விக்கிறியே, அத்தயும் உட்டுடு" என்றாயாம். அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கணக்கிலும் உனக்குப் பிடித்தது பெரிய எண்கள். ஒருநாள் வானியல் பாடம் ஒன்றைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நட்சத்திரங்களின் எண்ணிக்கை வந்தது. உனக்கு வருத்தமாக இருக்குமோ என்று குரலைத் தாழ்த்தினேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய்.

"இன்னாத்துக்கு மெதுவா படிக்கிற? நீ இத்தன நட்சத்திரத்த பாத்துக்கீறியா?"

"இல்லை."

"எண்ணிக்கீறியா?"

"இல்லை."

"அப்ப உனக்கும் எனக்கும் ஒண்ணுதான். எண்ணு மட்டும்தான் கீது ரெண்டு பேருக்கும். சத்தமா படி."

அதற்குப் பிறகு மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டு நம்முடையதாயிற்று. மத்தியான நேரத்தில் அங்கே புறாக்களைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். என் முழங்கைக்கு மேலே உன் வலது கை லேசாகப் பிடித்திருக்கும். நீ எப்போதும் படிகளை எண்ணுகிறவள். அந்தப் படிகளுக்குப் பெயரும் வைத்தாய். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. முதல் படி பத்து, இரண்டாவது நூறு, மூன்றாவது ஆயிரம். அங்கிருந்து நம் ஊர்க் கணக்கு இரண்டிரண்டு படியாகத் தாண்டும் என்பாய். ஐந்தாவது படியில் லட்சம், ஏழாவது படியில் கோடி.

"லட்சம் கோடின்னா?" என்று கேட்பாய்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். சைபர்களை மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்துத் திணறுவேன்.

"எதுக்குடி சைபர அடுக்கிக்கினு? லட்சம் அஞ்சு படி, கோடி ஏழு படி. கூட்டு."

"பன்னெண்டு."

"ஏறு."

பன்னிரண்டாம் படியில் படிக்கட்டு திரும்பும். அங்கே ஒரு பெரிய ஜன்னல் துவாரம், கண்ணாடி கிடையாது, கிழக்கிலிருந்து உப்புக் காற்று நேராக வரும். நீ அங்கே நின்று முகத்தைத் தூக்கிக்கொள்வாய். லட்சம் கோடியில் காற்று நன்றாக வருகிறது என்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றும். கீழே தெருவில் ஆட்டோ, காய்கறி வண்டி, கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒற்றை இலக்கத்திலேயே இருப்பதாகவும் நாம் மட்டும் ஏறி வந்துவிட்டதாகவும் ஒரு மயக்கம்.

மேலே நடைமேடைக்குப் போன பிறகும் நீ நிறுத்தமாட்டாய். பெஞ்சில் உட்கார்ந்தபடியே இல்லாத படிகளில் ஏறுவோம். உன் குரல் தாழ்ந்துகொண்டே போகும். இருபத்து நாலாம் படியில் மயிலாப்பூர் தெரியாது, முப்பதில் கடலும் தெரியாது, அறுபதில் நிலா காலுக்குக் கீழே என்று ஏதேதோ சொல்வாய். ரயில் வந்து நின்று, ஒருவரும் ஏறாமல், ஒருவரும் இறங்காமல் போகும். எந்தப் படியில் இருக்கிறோம் என்று எனக்கு மறந்துவிடும். உனக்கு மறந்ததே இல்லை.

வெளிநாட்டு எண் பெயர்களுக்கும் நீயே ஒரு வழி வைத்திருந்தாய். உன்னிடம் ஒரு பழைய கணிதப் புத்தகம் இருந்தது. கடல் தாண்டி யாரோ தானமாக அனுப்பிய ஆங்கில பிரெயில் புத்தகம், தலையணை கனம், விளிம்பெல்லாம் விரல் பட்டுக் கறுத்தது. மில்லியன் ஆறாவது படி. மில்லியன் மில்லியன் ஒரு பில்லியன். அதனால் பில்லியனுக்கு இரண்டு ஆறு பன்னிரண்டு, டிரில்லியனுக்கு மூன்று ஆறு பதினெட்டு. "ஆறு ஆறா தாண்டறானுங்க. காலு நீளம் அவனுங்களுக்கு" என்பாய். எனக்கு அதுவும் மனப்பாடம் ஆயிற்று. புத்தகத்தில் இருக்கிறது, அதுவும் நீ சொல்கிறாய், அப்புறம் எனக்கென்ன சந்தேகம்.

கணிதப் பட்டப் படிப்பில் சேர நீ இரண்டு வருஷம் அலைந்தாய். பெயர் வேண்டாம், ஒரு பெண்கள் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர் மட்டும் கதவைச் சாத்தவில்லை. ஐம்பது மதிப்பெண்ணுக்குத் தனியாக ஒரு தேர்வு வைப்பதாகவும், நாற்பது வாங்கினால் இடம் தருவதாகவும் சொன்னார். நீ சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும். அந்த ஆளுக்குக் கணக்கு தெரிந்திருக்கக் கூடாது. அவர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன படிக்கிறீங்க?" என்றார். தமிழ் இலக்கியம் என்றேன். "ரொம்ப நல்லது" என்றார். என் படிப்பை அத்தனை மனப்பூர்வமாக யாரும் பாராட்டியதில்லை.

தேர்வு நாள் காலையில் காபியோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு செய்தியில் பில்லியன் என்று போட்டுப் பக்கத்திலேயே நூறு கோடி என்றும் போட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினேன். நூறு இரண்டு, கோடி ஏழு, ஆக ஒன்பது. பேப்பர்காரன் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று அப்பாவிடம் காட்டினேன். அப்பா தலையைத் தூக்காமல், "சரியாத்தான் போட்டிருக்கான். நூறு கோடிதான் பில்லியன், லட்சம் கோடி டிரில்லியன். ஒரு காலத்துல வேற மாதிரி இருந்தது, இப்போ உலகம் பூரா இப்படித்தான். மூணு மூணா ஏறும்" என்றார்.

உன் புத்தகம் அந்தப் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழியில் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று ஓடினேன். நீ என்னோடு வரவில்லை. உன் அம்மா அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு உன்னை பஸ்ஸில் கூட்டி வந்தார், பஸ் அடையாறில் மாட்டிக்கொண்டது. நீ மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தபோது கேள்வித்தாள் மேஜைமேல் வந்துவிட்டது. அதற்கு மேல் கேள்வியைப் படிப்பதையும் பதிலை எழுதுவதையும் தவிர நான் வாய் திறக்கக் கூடாது. போகட்டும், இதையா கேட்கப்போகிறார்கள் என்று இருந்தேன்.

ஏழாவது கேள்வியில் கேட்டார்கள். பில்லியன், டிரில்லியன் இரண்டையும் பத்தின் அடுக்காக எழுதுக. தலா இரண்டு மதிப்பெண்.

நான் படித்து முடிக்கும் முன்னே உன் முகம் மலர்ந்தது. "பில்லியன், பத்தின் அடுக்கு பன்னெண்டு. டிரில்லியன், பத்தின் அடுக்கு பதினெட்டு" என்றாய், பந்தியில் பாயசம் வந்த மாதிரி. என் பேனா நின்றது. உனக்குக் காது கூர்மை.

"இன்னா? எழுது" என்றாய் மெதுவாக.

எழுதினேன். ஒன்பது என்றும் பன்னிரண்டு என்றும் எழுதினேன். நாலு மதிப்பெண்ணுக்காக உன் இரண்டு வருஷம் போய்விடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன், வேறெதுவும் என் மனதில் இல்லை. ஒவ்வொரு பதிலையும் எழுதியதும் உனக்குப் படித்துக் காட்ட வேண்டும், அது முறை. "படி" என்றாய். தாளில் ஒன்பதைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு என்று படித்தேன். பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு என்று படித்தேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

நாற்பத்திரண்டு வாங்கினாய். உன் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, உள்ளே வரமாட்டேன் என்று கேட் அருகே நின்றபடி, "பாப்பா, உன் கையி நல்லா இருக்கணும்" என்று என் விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

நாலு நாள் கழித்து வானொலியில் செய்தி கேட்டிருக்கிறாய். உலக ஜனத்தொகை எழுநூறு கோடியை நெருங்குகிறது, அதாவது ஏழு பில்லியன் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ உட்கார்ந்து கணக்குப் போட்டாய். வானொலிக்காரர்களின் பில்லியன் ஒன்பதாம் படியில் நிற்கிறது. உன் புத்தகத்தின் பில்லியன் பன்னிரண்டில் நிற்கிறது. புதுக் கணக்குப்படி நீ சொன்ன பதில் தப்பு. ஆனால் தேர்வில் எது போயிற்று என்று உனக்குத் துல்லியமாகத் தெரியும். வரைபடக் கேள்வியை உன்னால் தொட முடியவில்லை, ஐந்து. ஒரு கணக்கில் தடுமாறினாய், மூன்று. மீதி நாற்பத்திரண்டு. ஆக, உன் பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் முழு மதிப்பெண் விழுந்திருக்கிறது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நீ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாய். "அந்தம்மாவுக்கும் பழைய கணக்கு தெரிஞ்சிக்கீதுடி. இந்த ஊர்ல எனக்கு அப்பால அத்த தெரிஞ்ச ஒரே ஆளு. வா, புக்க எடுத்துக்கினு போலாம். அந்தப் பக்கத்த அவங்க தொட்டுப் பாக்கணும்."

அப்போது சொல்லியிருக்கலாம். லஸ்ஸிலிருந்து பஸ் ஏறும்போது சொல்லியிருக்கலாம். தலையணைப் புத்தகத்தை நான்தான் மார்போடு அணைத்து எடுத்து வந்தேன். கல்லூரி வாசலில், மரத்தடியில், மாடிப்படியில் என்று இடம் இடமாகச் சொல்லியிருக்கலாம். நீ வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய், இரண்டு கணக்கையும் வைத்து ஒரே பாடமாக அவர் நடத்தினால் எப்படி இருக்கும் என்று. உன் கை என் முழங்கைமேல் நம்பிக்கையாக இருந்தது. 

துறைத் தலைவர் நம்மை உட்காரச் சொன்னார். நீ புத்தகத்தை விரித்து, அந்த வரியைத் தடவிக் கண்டுபிடித்து, அவர் விரலை அதன்மேல் வைத்து, நன்றி சொன்னாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அலமாரியிலிருந்து உன் விடைத்தாளை எடுத்தார்.

"பில்லியனுக்கு ஒன்பது, டிரில்லியனுக்குப் பன்னிரண்டுன்னுதானே எழுதியிருக்கீங்க? அது சரியான விடைதானே. அதான் மார்க் போட்டேன்."

 நீ என் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தை மூடினாய்.

"அது நான் சொன்னது இல்ல மேடம். நான் சொன்னது பன்னெண்டு, பதினெட்டு. நாலு மார்க்க எடுத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உன் பழைய கணக்கும் ஒரு காலத்தில் சரிதான் என்பது தனக்குத் தெரியும், அதற்கே மதிப்பெண் போட்டிருக்கலாம், ஆனால் எழுதினவர் கைவைத்த தாளைத் தன்னால் ஏற்க முடியாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மற்ற பதில்கள் யாருடையவை என்று யார் கண்டது. அடுத்த வருஷம் வேறு தேர்வு வைக்கிறேன் என்றார். நீ எழுந்து கைகூப்பினாய்.

வெளியே வந்ததும் வழக்கம்போல என் கையை உன் பக்கம் நகர்த்தினேன். நீ தொடவில்லை. புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உன் வெள்ளைக் கம்பை நீட்டிப் படி படியாகத் தட்டி இறங்கினாய். கடைசிப் படியில் நின்று சொன்னாய்.

"மாத்தி எழுதினதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. பாசத்துல எழுதிட்ட. மாத்தி படிச்சியே, அத்த எப்படிடி செஞ்ச?"

பதிலுக்கு நிற்காமல் கம்பைத் தட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாய். 

அந்த ஒரு வருஷம் எப்படிப் போயிற்று என்று எனக்குச் சரியாக நினைவில்லை. லஸ் மாடிக்கு நீ வரும் நாள் நான் போகமாட்டேன். உன் அம்மா மீன் கூடையோடு இருக்கும் தெருமுனையைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். ஒருநாள் தனியாக அந்த ரயில் நிலையத்துக்குப் போய்ப் படியேறிப் பார்த்தேன். எட்டாம் படிக்கு மேல் கால் போகவில்லை, திரும்பிவிட்டேன்.

ஒருநாள் உன் அம்மா என்னைக் கண்டுபிடித்து வழி மறித்தார். "இன்னா பாப்பா, சுத்திக்கினே போற? அவ உன்ன வரச் சொன்னா" என்றார். உடனே போனேன். பட்டினப்பாக்கத்தில் மணலில், வலை காயும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என் காலடிச் சத்தத்திலேயே நான்தான் என்று தெரிந்துகொண்டாய். நலம் விசாரிப்பு எல்லாம் இல்லை.

"வர்ற மாசம் பரீட்ச. எழுத வர்றியா?"

"நானா?"

"நாலு பேர வெச்சி எழுதிப் பாத்தேன். நல்ல பொண்ணுங்கதான். ஆனா சொன்னத எழுதுதுங்களா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்? யாரு எழுதினாலும் நான் நம்பித்தான் ஆவணும். அப்படின்னா உன்னயே நம்பிட்டுப் போறேன்."

துறைத் தலைவர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டேன். நீ ஏற்கெனவே போய்ப் பேசியிருந்தாய். அறையில் தானும் உட்கார்ந்திருப்பதாக நிபந்தனை போட்டாராம். அதற்கும் சரி என்றிருந்தாய்.

அந்தத் தேர்வில் ஒரு வரைபடக் கேள்வி வந்தது, ஐந்து மதிப்பெண், தாண்டிப் போனோம். மற்றதெல்லாம் நீ தடங்கலில்லாமல் சொன்னாய். கடைசிப் பகுதி, விடை மட்டும் எழுத வேண்டியது. லட்சம் கோடி, பத்தின் எந்த அடுக்கு? பத்து லட்சம் கோடி, எந்த அடுக்கு? தலா இரண்டு. கேள்வியைப் படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே நாம் காலால் ஏறியிருக்கிறோம்.

"மொதலாவது பதிமூணு. ரெண்டாவது பதினாலு" என்றாய்.

உன்னைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பயத்தில் தடுமாறிவிட்டாய் என்று நினைத்தேன். நீயா, அந்தப் படியை மறப்பாய்?  இருமலாமா, நாற்காலியை நகர்த்தலாமா, கேள்வியை இன்னொரு முறை அழுத்தி வாசிக்கலாமா என்று என்னென்னவோ தோன்றியது. எதிரே துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாவிட்டாலும் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதினேன். பதின்மூன்று. பதினான்கு. 

"படி."

"பதின்மூன்று. பதினான்கு."

"சரி" என்றாய். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். நீ கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகத்தான் நடந்தாய். எனக்கு நாலு மதிப்பெண் போன துக்கம், உனக்குத் தெரிவிக்கவும் முடியாத துக்கம். மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி அவரவர் வழியில் போனோம்.

ஒரு வாரம் கழித்து, முடிவு சொல்லும் நாளில் துறைத் தலைவரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கதவைத் திறந்து, "நாற்பத்தொன்றும்மா. ஜூன்ல வந்து சேருங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். தப்பித்தோம் என்ற அழுகை. இன்னும் இரண்டு மதிப்பெண் எங்காவது போயிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

நீ அழவில்லை. "நாப்பத்தொண்ணா? சரியா நாப்பத்தொண்ணா?" என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டாய். அவர் ஆமாம் என்று சொல்லி உள்ளே போனதும், பெஞ்சில் தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாய்.

"கோடி ஏழுதான்னு எனக்குத் தெரியாதாடி? வேணும்னுதான் ஒரு படி ஏத்தி சொன்னேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"வரைபடம் அஞ்சு போச்சு, மீதி நாப்பத்தஞ்சு. நீ திருத்தியிருந்தா நாப்பத்தஞ்சு வந்திருக்கும். நான் சொன்னத எழுதியிருந்தா நாப்பத்தொண்ணு வரும். நீ எனக்கு இன்னா படிச்சுக் காட்டினாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. மார்க்குதான் பொய் சொல்லாது."

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். அந்த வராந்தாவில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னும் ரெண்டு மார்க் போயிருந்தா சீட்டே போயிருக்குமே. ரெண்டு வருஷம் அலைஞ்சு, ஒரு வருஷம் காத்துண்டிருந்து..."

"போனா போவுது. பரீட்ச அடுத்த வருஷமும் வரும். நீ வருவியா?"

அதைச் சொல்லிவிட்டு எழுந்து நின்று, கம்பை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையைக் காற்றில் நீட்டித் தேடினாய். என் முழங்கைக்கு மேலே ஒரு வருஷமாக வெறுமையாக இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாய்.

அதன் பிறகு உன் கணக்கெல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. மூன்று வருஷப் பட்டம், அப்புறம் ஆசிரியர் பயிற்சி, அப்புறம் பார்வையில்லாத பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் ஆனாய். அந்தப் பிள்ளைகளிடம் பழைய பில்லியனையும் புது பில்லியனையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தாய் என்று, காய்ச்சல் முற்றி நீ போய்ச் சேர்ந்த அந்த வாரம், சர்ச்சுக்கு வந்த ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்.  

எனக்கு வேறு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆனாலும் தேர்வுக் காலத்தில் யார் கூப்பிட்டாலும் எழுதப் போகிறேன். போன மாதம் சைதாப்பேட்டையில் ஒரு பெண்ணுக்கு எழுதினேன். கெட்டிக்காரி. பாதியில் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னாள். எனக்குச் சரியான விடை தெரியும். பேனா ஒரு கணம் நின்றது, எனக்கு அது எப்போதும் நிற்கும். பிறகு அவள் சொன்னதை எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நான் சொன்னதெல்லாம் அப்படியே எழுதினீங்கல்ல?"

"அப்படியேதாம்மா எழுதினேன்" என்றேன். அவள் என்னை நம்பினாள். நம்பும்படியாகத்தான் நான் இருந்தேன்.